காம்பவுண்ட் வில்: 50 மீட்டரில் சிதறும் அம்புகளை ஒன்றுகூட்ட எதை முதலில் செய்வது?

இரு முனைகளிலும் சக்கரங்கள் உள்ள காம்பவுண்ட் வில் வாங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. 30 மீட்டரில் அம்புகள் ஓரளவு கூடி விழுகின்றன. 50 மீட்டருக்குப் போனால் ஒரு தடவை எய்தவை இலக்கின் நடுவிலுள்ள மஞ்சளில், அடுத்த தடவை எய்தவை வெளியே தள்ளியிருக்கும் நீலத்தில். மைதானத்தில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்: நாணை விடும் கருவியான ரிலீஸை மாற்று, வில்லை நிலைப்படுத்தும் கம்பியான ஸ்டெபிலைசரில் எடையைக் கூட்டு, குறிபார்க்கும் சைட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு. நீங்கள் இந்த நிலையில் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இதே குழப்பத்தில் நானும் நிறையப் பணத்தையும் பொறுமையையும் செலவழித்திருக்கிறேன்.

அவர்கள் சொல்லும் வைத்தியங்களில் பெரும்பாலானவை சரியானவையே. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இழுப்பு நீளம் சரியாகாமல் அம்பு தேர்ந்தெடுக்க முடியாது. அம்பும் பிடியும் நிலைக்காமல் வில்லை ட்யூன் செய்ய, அதாவது அம்பு நேராகப் போகும்படி அதன் பாகங்களைச் சரிசெய்ய முடியாது. ட்யூன் செய்யாத வில்லில் சைட்டைத் திருகுவது வீண் வேலை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே இருக்கின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் மீண்டும் அங்கேயே வந்து நிற்பீர்கள்.

1. முதல் ஆவணம்: ஒரு நோட்டுப் புத்தகம்

ஐம்பது ரூபாய்க்கு வாங்கும் நோட்டுப் புத்தகம் போதும். வில் இன்று இருக்கும் நிலையை, அது மோசமாகவே இருந்தாலும், எழுதி வையுங்கள். மேல்முனைச் சக்கரமான மேல் கேமின் அச்சிலிருந்து கீழ் கேமின் அச்சு வரையுள்ள தூரம், பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம், அம்பின் வால்முனையான நாக் நாணில் பூட்டும் இடத்தின் உயரம், அங்கிருந்து நாணிலுள்ள பார்வைத் துளையான பீப் வரையுள்ள உயரம், ரிலீஸ் பற்றும் கயிற்று வளையமான டி-லூப்பின் நீளம், அம்பைத் தாங்கும் ரெஸ்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது, வில்லின் வளையும் கரங்களான லிம்ப்களைப் பிடிக்கும் லிம்ப் போல்ட் முழுதாக இறுக்கிய நிலையிலிருந்து எத்தனை சுற்றுத் தளர்த்தப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு தூரத்துக்கும் சைட் அளவு ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். கேமின் மீது, கேம்களை இணைக்கும் கேபிள் கடக்கும் இடத்தில் வெள்ளி நிறப் பேனாவால் சிறு கோடு போட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அம்புகள் திடீரென்று கீழே விழத் தொடங்கும். உங்கள் கை மாறிவிட்டதா, நாண் நீண்டுவிட்டதா என்பதை இந்த எண்கள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். இவை இல்லாதவர்கள் ஒரு வாரம் தங்கள் தோளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். செய்ததைத் தேதியோடு எழுதுங்கள்.

2. டிரா லென்த் என்ற இழுப்பு நீளம்: எல்லாவற்றுக்கும் அடிப்படை

சக்கரமில்லாத ரீகர்வ் வில்லை எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அதுதான் இழுப்பு நீளம். காம்பவுண்டில் அப்படியில்லை. கேமின் அமைப்பு ஓர் எல்லையை வகுத்துவிடும். அந்தச் சுவரில் போய் முட்டி நிற்க வேண்டியதுதான். அந்த எல்லை உங்கள் உடலுக்குப் பொருந்தாவிட்டால் வேறு எதைச் செய்தாலும் பலனில்லை.

தொடக்கக் கணக்கு எளிது. கைகளை இரு பக்கமும் நீட்டி நின்று, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அங்குலத்தில் வரும் எண்ணை 2.5ஆல் வகுங்கள். 170 சென்டிமீட்டர் என்றால் 67 அங்குலம். வகுத்தால் 27க்குச் சற்றுக் குறைவு. இது தோராயந்தான். முடிவு சொல்ல வேண்டியது உங்கள் நிற்கும் கோலம். முழுதாக இழுத்த நிலையில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உடல் பின்னால் சாய்ந்திருக்கிறதா, வில் பிடித்த முழங்கை பூட்டிக்கொண்டதா, ரிலீஸ் பிடித்த கை காதைத் தாண்டிவிட்டதா? நீளம் அதிகம். தலை முன்னால் குனிந்து நாணைத் தேடுகிறதா, தோள்கள் ஏறிக் கழுத்தைத் தொடுகின்றனவா? நீளம் குறைவு.

புதியவர்களிடம் நான் பார்த்தவரை அதிக நீளமே பரவலான நோய். கையிருப்பில் இருக்கும் வில்லைக் கடைக்காரர் விற்கிறார். “போகப் போகப் பழகிவிடும்” என்கிறார். பழகாது. எலும்பு நீளாது.

சில வில்களில் கேமிலுள்ள மாட்யூல் என்ற சிறு பாகத்தின் திருகைத் தளர்த்தி அரை அங்குலம் வீதம் மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் மாட்யூலையே தனியாக வாங்க வேண்டும். பழைய வில் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். நிறுத்தப்பட்ட மாடலுக்கு மாட்யூல் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. அரை அங்குலத்துக்கும் குறைவான திருத்தத்தை டி-லூப்பின் நீளத்திலேயே செய்துகொள்ளலாம்.

மணிக்கட்டில் கட்டும் ரிலீஸிலிருந்து கையில் பிடிக்கும் ரிலீஸுக்கு மாறினால் முகத்தில் கை நிற்கும் இடமும் மாறும். ஆகவே எந்த வகை ரிலீஸ் என்பதை முடிவு செய்துவிட்டு நீளத்தை உறுதிப்படுத்துங்கள்.

3. டிரா வெயிட் என்ற இழுப்பு எடை: வீம்புக்கு இடமில்லை

உலக வில்வித்தைச் சங்க விதிகளின்படி போட்டியில் காம்பவுண்ட் நாணை இழுக்கத் தேவைப்படும் எடைக்கு உச்ச வரம்பு 60 பவுண்டு. அதைத் தொட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, வில்லை வானத்துக்கு உயர்த்தாமல் நேராக இழுத்துப் பாருங்கள். இடுப்பை முறுக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் எடையைக் குறையுங்கள். முழுப் போட்டிச் சுற்றில் 72 அம்புகள், பயிற்சி அம்புகள் வேறு. கடைசிப் பன்னிரண்டில் தோள் நடுங்கினால் முதல் அறுபதில் எடுத்த மதிப்பெண் கரைந்துபோகும்.

லிம்ப் போல்ட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் ஏறத்தாழ 2 முதல் 4 பவுண்டு மாறும். மேலும் கீழும் சம அளவு திருப்ப வேண்டும். எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்பது வில்லோடு வரும் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் லிம்ப் கழன்று தெறிக்கலாம். கையேடு இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொண்ட பிறகே அலன் கீயை எடுங்கள்.

உச்ச எடையோடு, இழுத்து நிறுத்திய பின் கையில் மிஞ்சும் எடையையும் கவனியுங்கள். 50 பவுண்டு வில்லில், கேம் சுழன்றதும் 80 விழுக்காடு குறைந்தால் மிச்சம் 10 பவுண்டு. 70 விழுக்காடு என்றால் 15. மிச்சம் மிகக் குறைந்தால் சொகுசாக இருக்கும், ஆனால் சைட் காற்றில் ஆடும் இலைபோல் அலையும். இலக்குப் போட்டியாளர்கள் பலர் கொஞ்சம் கனத்தை வேண்டுமென்றே வைத்துக்கொள்வது இதனால்தான்.

4. அம்புகள்: பணத்தை இங்கே போடுங்கள்

இழுப்பு நீளமும் எடையும் முடிவான பிறகே அம்பு. ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பு. எண் குறையக் குறைய விறைப்பு கூடும்; 400 எண் தண்டு 500ஐ விட விறைப்பானது. தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் எடையையும் அம்பின் நீளத்தையும் வைத்துப் பார்த்து, முனையின் எடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் மிச்சமிருந்த அம்புகள் இலவசமாகக் கிடைத்தாலும் அட்டவணையோடு பொருந்தாவிட்டால் வேண்டாம். மிக இலேசான அம்பு ஆபத்தானது: இழுப்பு எடையின் ஒரு பவுண்டுக்கு அம்பின் எடை 5 கிரெயின் (அம்பை எடைபோடும் சிறு அலகு) என்பது பொதுவாகச் சொல்லப்படும் கீழ் எல்லை. 50 பவுண்டு வில்லுக்கு 250 கிரெயினுக்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் கீழே போனால் ஏறத்தாழ வெறும் நாணை விட்டதற்குச் சமம். லிம்பும் கேமும் உடையலாம்.

ஒரு டஜன் நடுத்தரக் கார்பன் அம்புகளுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். சர்வதேச வீரர்கள் பயன்படுத்தும் மெல்லிய தண்டுகள் அதைப்போல் பல மடங்கு. தொடக்கத்தில் அவை தேவையில்லை. எல்லாம் ஒரே நீளம், ஒரே முனை, ஒரே நாக், ஒரே இறகு என்பதே முக்கியம். வெளிநாட்டு விலைப்பட்டியலில் இருக்கும் டாலரை ரூபாயாக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். சுங்க வரியும் கூரியரும் சேரும்போது கணக்கு வேறாகிவிடும்.

அம்புகளுக்கு எண் போடுங்கள். நான்கைந்து நாள் எந்த எண் எங்கே விழுந்தது என்று குறித்தால், ஒன்றிரண்டு அம்புகள் யார் எய்தாலும் தனியே போவது தெரியும். அவற்றின் நாக் முனையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். பலகையிலோ வேறு அம்பிலோ மோதிய கார்பன் அம்பை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். நொறுங்கும் ஓசை கேட்டால் அதை மீண்டும் நாணில் பூட்டவே கூடாது. பிளந்த கார்பன் அம்பு இடது கைக்குள் புகுந்துவிடும்.

5. பிடியும் முகமும்

வில்லைப் பிடிக்கக் கூடாது. அது உங்கள் கையில் சாய்ந்து நிற்க வேண்டும். கட்டைவிரலின் அடிச்சதையில், உள்ளங்கை ரேகையைத் தாண்டாமல் அழுத்தம் விழட்டும். விரல் கணுக்கள் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்கட்டும். விரல்களை இறுக்கினால் விடும் கணத்தில் வில் முறுக்கிக்கொள்ளும், அம்பு பக்கவாட்டில் போகும். வில் விழுந்துவிடும் என்ற பயம் போக விரல்களுக்கிடையே ஒரு கயிற்று ஸ்லிங் கட்டிக்கொள்ளுங்கள். பழைய ஷூ லேஸ் போதும், பைசா செலவில்லை. நான் அறிந்தவரை இவ்வளவு மலிவாக இவ்வளவு மதிப்பெண் தரும் பொருள் வேறில்லை.

முகத்தில் மூன்று இடங்கள் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்: ரிலீஸ் பிடித்த கை தாடை எலும்பில் தொடும் இடம், நாண் மூக்கு நுனியைத் தொடும் இடம், பீப் வழியே பார்க்கும்போது சைட்டின் லென்ஸ் வளையமான ஸ்கோப்பின் வட்டம் பீப்பின் வட்டத்துக்குள் மையமாக அமைவது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பீப்புக்கும் சைட்டுக்கும் இடையே 85 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பீப் பக்கம் பார்வை 1 மில்லிமீட்டர் விலகினால், 50 மீட்டரில் அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் இலக்குத் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 8 சென்டிமீட்டர்தான். நடுவில் விழ வேண்டிய அம்பு ஒன்பதுக்குப் போக ஒரு மில்லிமீட்டர் போதும்.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, முகத்தில் கையை வசதியாக நிறுத்தி, பிறகு கண்ணைத் திறங்கள். அம்பு பூட்டி, இலக்குப் பலகையை ஒட்டி நின்று மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பீப் கண்ணுக்கு நேரே இல்லையென்றால் கழுத்தை வளைக்காமல் பீப்பை நகர்த்துங்கள்.

6. ட்யூனிங்: ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

முதலில் கேம்கள். நண்பர் பக்கத்தில் நின்று பார்க்க, அம்பு பூட்டி, பலகையை நோக்கி மெதுவாக இழுங்கள். மேலும் சுழலாமல் தடுக்கும் இரண்டு கேம்களின் நிறுத்தங்களும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். ஒன்று முந்தினால் கேபிளை முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். இதற்கு வில் அழுத்தும் பிரெஸ் தேவை. ஆயிரக்கணக்கில் கொடுத்து அதை வாங்காதீர்கள். பயிற்சி மையத்தில் இருக்கும். பிரெஸ் இல்லாமல் நாணைக் கழற்ற முயல்வது கையை இழக்கும் வழி.

அடுத்து அம்பு நாணுக்குச் செங்குத்தாக, ரெஸ்டைப் பொருத்தும் போல்ட் துளையின் நடுவே போகிறதா என்று பாருங்கள். பிறகு காகிதச் சோதனை. சட்டத்தில் செய்தித்தாளை இழுத்துக் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எய்யுங்கள். முனையின் துளையும் இறகுகளின் கிழிசலும் ஒரே இடத்தில் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. விலகியிருந்தால் ரெஸ்டை அரை மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி மீண்டும் எய்யுங்கள். போகும் திசை சரியா என்பதை அடுத்த கிழிசலே சொல்லிவிடும்.

பக்கவாட்டுக் கிழிசல் ஒரு முறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று மாறினால் ரெஸ்டைத் தொடாதீர்கள். அது கை முறுக்கு. ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் உறவினர் கையில் வில்லைக் கொடுக்காதீர்கள். லட்சத்தைத் தாண்டும் பொருள் ஒரே நொடியில் உடைந்துபோகும்.

7. ரிலீஸ்: நீண்ட நாள் எடுக்கும் படி

மேலே உள்ளவற்றை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். இந்தப் படி முடிவதே இல்லை. சைட் மஞ்சளைத் தொட்டவுடன் “இப்போது!” என்று விரல் ரிலீஸின் பொத்தானைக் குத்துகிறது அல்லவா, அதுதான் நோய். முற்றினால் சைட் மஞ்சளுக்குக் கீழேயே உறைந்து நிற்கும், மேலே ஏற மறுக்கும். பெரிய வீரர்களையும் பிடித்திருக்கிறது; வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டைவிரல் ரிலீஸ் என்றால் பொத்தானை விரல் நுனியில் வைக்காமல் விரலின் அடியில், வளைவில் பதித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தும் எண்ணமே வேண்டாம். முழங்கையைப் பின்னால் சுழற்றும் இழுப்பு முதுகிலிருந்து வரட்டும், அம்பு தானாகப் போகட்டும். முகத்தில் கை நின்று ஏழெட்டு வினாடிக்குள் போகவில்லையென்றால் எய்யாமல் நாணை மெல்ல இறக்கிவிடுங்கள். இறக்குவதையும் ஒரு பயிற்சியாகவே செய்யுங்கள். இறக்கத் தெரியாதவர்களே கெட்ட அம்பை எய்கிறார்கள்.

மூன்று நான்கு வாரம் இலக்குத் தாளையே கழற்றிவிடுங்கள். வெறும் பலகைக்கு 3 அல்லது 4 மீட்டரில் நின்று எய்யுங்கள். இழுத்து, குறி பலகையில் இருப்பதை உறுதி செய்தபின் கண்ணை மூடிக்கொண்டு முதுகின் இழுப்பை மட்டும் உணருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். பிறகு பெரிய தாளை 10 மீட்டரில் மாட்டி, வாரத்துக்குச் சில மீட்டர் பின்னால் போங்கள். இடையிடையே எய்யாமல் வெறுமனே பத்து வினாடி குறிபார்த்து இறக்குங்கள். சைட் மஞ்சளில் மெல்ல அலையும், அலையட்டும். அதை அசையாமல் நிறுத்த முயல்வதிலிருந்துதான் குத்தல் பிறக்கிறது.

சுழலும் வகை ஹிஞ்ச் ரிலீஸ் இந்த நோய்க்கு நல்ல மருந்து. ஆனால் முதல் நாளே வில்லில் மாட்டினால் பாதி இழுப்பில் விட்டுக்கொண்டு, கை மூக்கில் வந்து மோதும். உங்கள் இழுப்பு நீளத்துக்குக் கயிற்று வளையம் கட்டி, அதில் நூற்றுக்கணக்கான முறை பழகிய பிறகே வில். பெயர்பெற்ற நிறுவனங்களின் ரிலீஸுக்கு ஏறத்தாழ பதினைந்தாயிரம் ரூபாய் முதல் ஆகும். வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். கை அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

8. சைட்டும் நீர்க்குமிழும்

இப்போதுதான் சைட். அம்புக் கூட்டம் எந்தப் பக்கம் விழுந்ததோ அதே பக்கம் சைட்டை நகர்த்துங்கள்: இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம், கீழே விழுந்தால் கீழே. ஓர் அம்புக்காக நகர்த்தாதீர்கள். குறைந்தது மூன்று தடவை எய்து, விடும்போதே கெட்டதென்று உணர்ந்த அம்புகளைக் கழித்து, மீதியின் மையத்தைப் பாருங்கள்.

ஸ்கோப்பில் வில்லின் சாய்வைக் காட்டும் நீர்க்குமிழைப் பலர் அலங்காரமாகவே வைத்திருக்கிறார்கள். வில் 1 பாகை சாய்ந்தால் 50 மீட்டரில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும். முழுதாக இழுத்ததும் முதலில் குமிழ், பிறகு மஞ்சள். குமிழ் எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் ஸ்டெபிலைசரின் பக்கக் கம்பியில் எடையைக் கூட்டியோ கோணத்தை மாற்றியோ பாருங்கள். லென்ஸின் பெருக்கம் கூடினால் உங்கள் நடுக்கமும் பெரிதாகத் தெரியும். குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள்.

9. வெயில், காற்று, நாண்

பூட்டிய காரில் வில்லை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் காருக்குள் ஏறும் சூட்டில் நாண் இளகி நீளும், லிம்பின் அடுக்குகளும் பிரியலாம். புதிய நாண் முதல் நூறு இருநூறு அம்புகளில் சற்று நீளும், பீப்பும் திரும்பிக்கொள்ளும். ஆகவே போட்டிக்கு இரண்டு மாதம் முன்பாவது நாண் மாற்றுங்கள். ஆர்டர் செய்து கைக்கு வரவே சில வாரங்கள் ஆகலாம். நூல் சிலிர்த்தால் மெழுகு. ஒரு நூல் அறுந்திருந்தால் உடனே மாற்றம்.

சென்னையில் காலையில் பார்த்த சைட் அளவு, கடற்காற்று எழுந்த பிறகு கைகொடுக்காது. கோவை, தென்காசிப் பக்கம் ஆடிக்காற்றில் எய்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது காற்று வீசும் நேரத்தில் பயிற்சி செய்து, எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதுங்கள். காற்றுக்காகச் சைட்டைத் திருகினால் காற்று நின்றதும் தொலைந்தீர்கள்.

10. போட்டிக்கு முன்

ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், புகைப்படங்கள், மாவட்ட அல்லது மாநிலச் சங்கப் பதிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வயதுப் பிரிவில் ஆடுகிறவர்கள் அசலையும் எடுத்துச் செல்லுங்கள். பதிவு கடைசி நாளில்தான் இணையதளம் முடங்கும்.

கருவிச் சோதனையில் இழுப்பு எடையைத் தராசில் பார்ப்பார்கள். உங்கள் வில் 60க்கு மிக அருகில் இருந்தால் முன்பே அரைச் சுற்றுத் தளர்த்தி, அந்த நிலையில் சைட் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அம்புத் தண்டில் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். ஒரு தடவை எய்யும் அம்புகளின் இறகும் நாக் முனையும் ஒரே நிறம், ஒரே வடிவம். நேருக்கு நேர் ஆட்டத்தில் மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 வினாடிதான். பயிற்சியில் யாரையாவது கடிகாரம் பிடிக்கச் சொல்லுங்கள்.

விமானத்தில் வில்லும் அம்பும் கைப்பையில் ஏறாது. செக்-இன் பெட்டியாகப் போட வேண்டும். உள்நாட்டுப் பயணத்தில் 15 கிலோ வரம்பு பரவலாக உண்டு. பெட்டியோடு சேர்த்து வீட்டிலேயே எடை பாருங்கள். வில் வாங்கிய ரசீதின் நகல் பெட்டிக்குள் இருக்கட்டும். டி-லூப் கயிறு, நாக், அலன் கீகள், ஒரே மாதிரி அமைத்த இரண்டாவது ரிலீஸ் இருந்தால் அதுவும். முடிந்தால் முந்தைய நாளே போய் அதிகாரபூர்வப் பயிற்சியில் சைட் அளவுகளைச் சரிபாருங்கள். மறுநாள் காலையில் பக்கத்து வீரர் என்ன ஆலோசனை சொன்னாலும் சைட்டைத் தவிர வேறு எந்தத் திருகையும் தொடாதீர்கள்.